எந்தத் தொழில் எனக்குப் பொருந்தும் என்று ஆராய்வது எப்படி?

கேள்வி இது: "கல்லூரிப் படிப்பு முடியப்போகிறது. எந்தத் தொழிலுக்குப் போவது என்று தெரியவில்லை. இணையத்தில் தேடினால் ஒவ்வொரு தொழிலும் நன்றாகத்தான் தெரிகிறது. இரண்டு நாள் கழித்து எதுவுமே பிடிக்காமல் போகிறது. ஆர்வத் தேர்வுகளும் எழுதிப் பார்த்தேன், குழப்பம்தான் மிஞ்சியது. தொழில்களை முறையாக ஆராய வழி இருக்கிறதா?"

இருக்கிறது. தொழில் வழிகாட்டுதலில் நீண்ட காலம் ஈடுபட்டிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் குழப்பத்துக்குப் பெரிய காரணம் நீங்கள் படிக்கும் பக்கங்களே. தொழில்களைப் பற்றி இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி எதையோ விற்பதற்காக எழுதப்பட்டது: ஒரு படிப்பை, ஒரு பயிற்சியை, ஒரு நிறுவனத்தின் நற்பெயரை. அங்கே தொழிலின் பெயர் இருக்கும், சம்பளம் இருக்கும், "ஒளிமயமான எதிர்காலம்" இருக்கும். அந்த வேலையில் இருப்பவர் காலை பத்து மணிக்கு எதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார், மாலை நான்கு மணிக்கு யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது இருக்காது. அது தெரியாதவரை எல்லாத் தொழில்களும் ஒன்றுபோலவே மின்னும்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு அன்றாடப் பணிகளை ஆராயுங்கள். தரவுப் பகுப்பாய்வாளர் என்றால் வண்ண வரைபடங்கள் நினைவுக்கு வரும். நடைமுறையில் அவருடைய நேரத்தில் கணிசமான பகுதி பிழைகளோடும் விடுபடல்களோடும் வந்த தரவைச் சீர்செய்வதில் போகிறது. 'இந்த எண் ஏன் போன மாத அறிக்கையோடு ஒத்துவரவில்லை' என்று வேறொரு பிரிவினரைத் துரத்திக் கேட்பதில் போகிறது. வழக்கறிஞர் என்றால் நீதிமன்ற வாதம் நினைவுக்கு வரும். பல வழக்கறிஞர்களுக்கு ஆவணங்களைப் படிப்பதும் வரைவுகளைத் திருத்தித் திருத்தி எழுதுவதும்தான் வேலையின் பெரும்பகுதி. நீதிமன்றப் படியே ஏறாத வழக்கறிஞர்களும் உண்டு. இப்படிப்பட்ட விவரத்தைப் படிக்கும்போது உங்களுக்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அலுப்புத் தட்டுகிறதா, 'இது எனக்குப் பிடித்த வேலையாயிற்றே' என்று தோன்றுகிறதா? எந்தத் தேர்வு தரும் முடிவையும்விட அந்த உணர்வை நான் அதிகம் நம்புவேன்.

ஆர்வத் தேர்வுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1908இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டுதலுக்கென ஓர் அலுவலகம் தொடங்கினார். இந்தத் துறையின் தொடக்கப் புள்ளியாக அதைத்தான் குறிப்பிடுவார்கள். தன்னை அறிதல், வேலைகளை அறிதல், இரண்டையும் நிதானமாகப் பொருத்திப் பார்த்தல் என்ற மூன்று படிகளை அவர் வகுத்தார். நூறாண்டுகளுக்குப் பிறகும் அந்த அடிப்படை மாறவில்லை. ஆனால் இன்று முதல் படியிலேயே பலரும் நின்றுவிடுகிறார்கள். தேர்வு மேல் தேர்வு எழுதித் தன்னை அறிந்துகொண்டே இருக்கிறார்கள், இரண்டாம் படி பட்டினி கிடக்கிறது.

இன்று புழக்கத்தில் இருக்கும் தேர்வுகளில் பல, ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாட்டைத் தழுவியவை. கைவினையும் கருவியும் சார்ந்தது, ஆராய்ச்சி சார்ந்தது, கலை சார்ந்தது, மனிதருக்கு உதவுவது, முன்னின்று நடத்துவது, ஒழுங்குபடுத்திப் பேணுவது என்று ஆறு வகை ஆர்வங்களை அவர் பிரித்தார். எவரும் ஒரே வகைக்குள் அடங்குவதில்லை. இரண்டு மூன்று வகைகள் மேலெழுந்து நிற்கும். இந்தத் தேர்வுகள் உங்கள் விருப்பத்தை அளக்கின்றன. திறமையை அளப்பதில்லை, சந்தையில் இடமிருக்கிறதா என்றும் சொல்வதில்லை. தேடலை எந்தப் பக்கம் தொடங்கலாம் என்று காட்டினால் அதுவே போதும். நல்ல தேர்வு ஒன்றை ஒரு முறை எழுதுங்கள், முடிவைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வேலையைப் பாருங்கள்.

அடுத்த வேலை, உங்கள் பட்டியலை அகலப்படுத்துவது. பெரும்பாலானோர் பத்துப் பதினைந்து தொழில்களை மட்டுமே மனத்தில் வைத்துக்கொண்டு அவற்றுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உலகத் தொழில்களை வகைப்படுத்தி வைத்திருக்கிறது. அதன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் 10 பெரும் பிரிவுகள், அவற்றுக்குள் அடுக்கடுக்காகப் பிரிந்து கடைசி மட்டத்தில் 436 தொழில் குழுக்கள் இருக்கின்றன. பல நாடுகளின் தேசியத் தொழில் பட்டியல்கள் இதை அடியொற்றியவை. ஓர் ஓய்வு நாளில் அந்த 436 பெயர்களையும் வரிசையாகப் படித்துவிடுங்கள். தெரியாதவற்றைக் கடந்துபோகாமல் இரண்டு வரி விளக்கத்தையும் படியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு அகலமான பார்வையைத் தரும் வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது, அண்டைத் தொழில்களை அது பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பதுதான். விமானி ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவருக்குக் கண்பார்வையோ செலவோ தடையாக நிற்கிறது என்று வையுங்கள். விமானிகள் இருக்கும் அதே குழுவில் கப்பலின் மேல்தள அதிகாரிகள், கப்பல் பொறியாளர்கள், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், அந்தக் கட்டுப்பாட்டுக்கான மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பர்கள் ஆகியோரும் இருக்கிறார்கள். இவற்றுக்கும் உடற்தகுதி விதிகள் உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாது. விமானத்தில் அவரை ஈர்த்தது எது? பறப்பதா, நொடிப்பொழுதில் முடிவெடுக்கும் பரபரப்பா, இயந்திரமா, பயணமா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் இவற்றில் எது அவருக்கு நெருக்கமானது என்பதும் தெரிந்துவிடும்.

துறையையும் தொழிலையும் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டாம். "எனக்கு மருத்துவத் துறை வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு வருபவர் மனத்தில் டாக்டரும் செவிலியரும் மட்டுமே இருப்பார்கள். ஒரு மருத்துவமனை இயங்குவதற்குக் கணக்காளர், உணவியல் வல்லுநர், பேச்சுப் பயிற்சியாளர், ஸ்கேன் இயக்குநர், மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர், நோய்ப் பதிவுகளைக் குறியீடாக்குபவர் எல்லோரும் வேண்டும். மறுபக்கம், அதே கணக்காளர் நாளை ஒரு கப்பல் நிறுவனத்திலோ பதிப்பகத்திலோ வேலை செய்யலாம். உங்களை ஈர்ப்பது நோயாளிகளுக்கு உதவும் நோக்கமா, கணக்கைச் சரிபார்க்கும் செயலா என்று பிரித்துப் பார்க்காவிட்டால் தேடல் தடுமாறும்.

பட்டியலைப் பத்துப் பன்னிரண்டு தொழில்களாகச் சுருக்கியபின் ஒவ்வொன்றின் விவரக்குறிப்பையும் படிக்கத் தொடங்குங்கள். இதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஆதரவில் 1998 முதல் இயங்கும் ஓ-நெட் என்ற தரவுத்தளம். கட்டணமில்லை, எந்த நாட்டிலிருந்தும் படிக்கலாம். 900க்கும் மேற்பட்ட தொழில்களுக்கு விவரம் இருக்கிறது. அதன் பெரும்பகுதி அந்தந்த வேலையில் இருப்பவர்களிடமும் அதை நன்கறிந்தவர்களிடமும் கேட்டுத் திரட்டப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் சுமார் 3,000 தொழில்களைத் திறன்களோடு இணைத்துப் பல மொழிகளில் வெளியிட்டிருக்கிறது. உங்கள் நாட்டில் அரசின் தொழில் தகவல் தளம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணிகளின் விவரம் நாட்டுக்கு நாடு பெரிதாக மாறுவதில்லை. சம்பளம், உரிமம், தகுதி விதிகள் ஆகியவை மாறும், அவற்றை மட்டும் உங்கள் நாட்டு மூலங்களில்தான் பார்க்க வேண்டும்.

விவரக்குறிப்பில் எல்லோரும் முதலில் பார்ப்பது சம்பளமும் கல்வித் தகுதியும். வேலைச் சூழல் என்ற பகுதியை முதலில் பாருங்கள் என்பேன். நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்க வேண்டுமா, நிற்க வேண்டுமா? பிறரோடு எவ்வளவு பேச வேண்டும், அதில் கோபமாக இருப்பவர்களோடு பேச வேண்டியது எவ்வளவு? முடிவுகளை நீங்களே எடுக்கலாமா, ஒவ்வொன்றுக்கும் மேலே கேட்க வேண்டுமா? ஒரு சிறு பிழை நேர்ந்தால் விளைவு என்ன, யாரோ ஒரு மின்னஞ்சலைத் திருத்தி அனுப்பினால் போதுமா, ஓர் உயிர் போகுமா? அதே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டுமா? இரவுப்பணி உண்டா? வேலையை விட்டு வெளியேறுபவர்களிடம் பேசிப் பாருங்கள். வேலையின் உள்ளடக்கம் பிடிக்கவில்லை என்பதைவிட இந்தச் சூழலைத் தாங்க முடியவில்லை என்பதே அவர்கள் வாயிலிருந்து அடிக்கடி வரும். மனிதர்களிடம் அன்பு மிகுந்த ஒருவர், நாள் முழுக்கப் புகார் கேட்கும் வேலையில் உடைந்துபோகலாம். அன்பு இருப்பது வேறு, எட்டு மணி நேரம் பிறருடைய கோபத்தை வாங்கிக்கொள்ளும் தெம்பு வேறு.

எண்களுக்கு வருவோம். சம்பளத்தில் சராசரியைப் பார்க்காமல் நடுமதிப்பை, அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் பெறும் தொகையைப் பாருங்கள். உச்சியில் இருக்கும் சிலர் பெருந்தொகை சம்பாதிக்கும் தொழில்களில் சராசரி உங்களை ஏமாற்றும். நடிப்பு, விளையாட்டு, சொத்து விற்பனை போன்றவை அப்படிப்பட்டவை. கிடைத்தால் கீழ்மட்டப் பத்து சதவீதத்தினர் என்ன பெறுகிறார்கள் என்றும் பாருங்கள், முதல் சில ஆண்டுகள் நீங்கள் நிற்கப்போவது அதற்கு அருகில்தான். "வேகமாக வளரும் தொழில்" என்ற பட்டியல்களிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 2023 முதல் 2033 வரைக்குமாக வெளியிட்ட கணிப்பில் காற்றாலைத் தொழில்நுட்பர்களின் வேலைவாய்ப்பு 60 சதவீதம் வளரும் என்றது, செவிலியர்களின் வேலைவாய்ப்பு 6 சதவீதம்தான் வளரும் என்றது. ஆனால் ஆண்டுதோறும் காலியாகும் இடங்களைப் பார்த்தால் காற்றாலைக்குச் சுமார் 2,100, செவிலியருக்குச் சுமார் 1,94,500. சிறிய தொழில் வேகமாக வளர்ந்தாலும் இடங்கள் குறைவு. பெரிய தொழிலில் ஓய்வுபெறுபவர்களும் வேறு வேலைக்கு மாறுபவர்களும் விட்டுச்செல்லும் இடங்களே ஏராளம். வளர்ச்சி வீதத்தோடு ஆண்டுக் காலியிடங்களையும் சேர்த்தே படியுங்கள்.

இயந்திரம் இந்த வேலையை விழுங்கிவிடுமோ என்ற கவலை உங்களுக்கும் இருக்கும். இங்கேயும் பணிகளின் மட்டத்தில் பார்ப்பதுதான் தெளிவு தரும். 2013இல் ஃப்ரே, ஆஸ்போர்ன் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கிமயமாகும் பேராபத்தில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். அவர்கள் கணக்கிட்ட அலகு முழுத் தொழில். 2016இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்புக்காக நடந்த ஆய்வு, ஒவ்வொரு வேலைக்குள்ளும் இருக்கும் பணிகளைப் பிரித்துப் பார்த்தது. 21 நாடுகளின் சராசரி 9 சதவீதம் என்று வந்தது. இரண்டுமே, எழுத்தையும் படத்தையும் தானே உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவு பரவுவதற்கு முந்தைய மதிப்பீடுகள், ஆகவே அந்த எண்களை இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அலகை மாற்றியதும் விடை எவ்வளவு மாறியது என்பதை மட்டும் கவனியுங்கள். நீங்கள் ஆராயும் தொழிலில் எந்தப் பணி இயந்திரத்துக்குப் போகிறது, மிச்சமிருக்கும் பணி உங்களுக்குப் பிடித்ததுதானா என்று கேளுங்கள்.

வேலை விளம்பரங்களையும் படியுங்கள், விண்ணப்பிக்க அல்ல, கற்றுக்கொள்ள. ஒரே தொழிலுக்கான இருபது முப்பது விளம்பரங்களைத் திரட்டி, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் திறன்களைக் குறியுங்கள். எண்ணிப் பாருங்கள்: முன் அனுபவம் கேட்காதவை எத்தனை? ஏறக்குறைய எல்லாமே மூன்று ஆண்டு அனுபவம் கேட்கின்றன என்றால் அந்தத் தொழிலுக்கு வாசல் வேறெங்கோ இருக்கிறது என்று பொருள். வேறு பெயருள்ள சிறிய பதவி ஒன்றின் வழியாகத்தான் எல்லோரும் உள்ளே வருகிறார்கள். அந்தப் பெயரைக் கண்டுபிடியுங்கள்.

இவ்வளவும் வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடியவை. அதிகப் பயன் தருவதும் அதிகம் தவிர்க்கப்படுவதும் அடுத்த படி: அந்த வேலையில் இருப்பவர்களிடம் நேரடியாகப் பேசுவது. உளவியலாளர் டேனியல் கில்பர்ட் தம் சக ஆய்வாளர்களோடு 2009இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. அறிமுகமில்லாத ஓர் ஆணோடு சில நிமிடம் பேசுவது எவ்வளவு இனிமையாக இருக்கும் என்று பெண்கள் முன்கூட்டியே கணிக்க வேண்டும். அவருடைய படத்தையும் விவரங்களையும் பார்த்துக் கணித்தவர்களைவிட, ஏற்கெனவே அவரோடு பேசிய இன்னொரு பெண்ணின் மதிப்பீட்டை மட்டும் அறிந்தவர்கள் சரியாகக் கணித்தார்கள். தொழிலுக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன். நம் கற்பனையைவிட, அங்கே இருப்பவரின் அனுபவம் நம்பகமானது.

யாரிடம் பேசுவது? முப்பதாண்டு அனுபவமுள்ள பெரியவரைத்தான் எல்லோரும் தேடுவார்கள். அவரிடம் கேட்க நிறைய இருக்கிறது, ஆனால் அவர் உள்ளே வந்த வழி இன்று மூடியிருக்கலாம். சேர்ந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் ஆனவரை முதலில் பிடியுங்கள். அடுத்து, அந்தத் தொழிலை விட்டு வெளியேறிய ஒருவர். முடிந்தால் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்பவர். வெற்றி பெற்றவர்களிடம் மட்டும் பேசினால் அங்கே தோற்றவர்கள் எத்தனை பேர் என்பது கடைசிவரை தெரியாது. உறவினரும் நெருங்கிய நண்பரும் இல்லாத இடத்தில் எப்படிப் போய்க் கேட்பது என்று தயங்க வேண்டாம். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைப் பற்றி எழுதினார். அவர்களில் அடிக்கடி சந்திக்கும் ஒருவர் மூலம் பெற்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்களுக்கு உதவியவர்கள் எப்போதாவதோ அபூர்வமாகவோ சந்திப்பவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய தகவல் தூரத்திலிருந்து வருகிறது. பழைய ஆசிரியர், முன்னாள் மாணவர் சங்கம், தொழிற்சங்கக் கூட்டம், நண்பரின் அக்கா என்று எந்த நூலையும் பிடித்துப் போகலாம்.

எழுதும் செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: "வணக்கம். நான் இறுதியாண்டு மாணவர். உங்கள் தொழிலைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். வேலை கேட்டு எழுதவில்லை. உங்களுக்கு வசதியான ஒரு நாளில் இருபது நிமிடம் பேச முடியுமா? கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவைக்கிறேன்." பலர் பதில் தர மாட்டார்கள், அதை மனத்தில் ஏற்றிக்கொள்ளாமல் அடுத்தவருக்கு எழுதுங்கள். ஒப்புக்கொண்டவர் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு பேசுவார். தன் வேலையைப் பற்றி அக்கறையோடு கேட்க அவருக்கும் ஆள் கிடைப்பது அரிது.

"இந்தத் தொழில் நல்லதா?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "போன வாரம் செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலைவரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். குறிப்பிட்ட நாளைக் கேட்டால் குறிப்பிட்ட பதில் வரும். இந்த வேலையில் எந்தப் பகுதியைத் தள்ளிப்போடத் தோன்றுகிறது, கூடச் சேர்ந்தவர்களில் விட்டுப்போனவர்கள் எதனால் போனார்கள், புதிதாக வந்த ஒருவர் நன்றாகச் செய்கிறார் என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள், இப்போது சேருபவர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்பவையும் உதவும். கடைசியாக, வேறு யாரிடம் பேசினால் பயனுண்டு என்று கேட்க மறக்காதீர்கள். பேசி முடித்த அன்றே குறிப்பு எழுதுங்கள், மறுநாள் நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். ஒருவர் சொன்னது அவருடைய நிறுவனத்தின் குணமாக இருக்கலாம். மூன்று பேர் மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து ஒன்றையே சொன்னால் அது தொழிலின் குணம்.

இதற்குப் பிறகும் நிற்கும் இரண்டு மூன்று தொழில்களைச் செய்து பாருங்கள். செருப்பு காலுக்குப் பொருந்துகிறதா என்று போட்டு நடந்து பார்ப்பது போலத்தான் இது. ஒருவரோடு ஒரு நாள் உடனிருந்து பார்க்க அனுமதி கேட்கலாம். தன்னார்வப் பணி, குறுகிய உள்ளகப் பயிற்சி, இலவசமாகக் கிடைக்கும் தொடக்கப் பாடம், வீட்டிலேயே செய்யக்கூடிய சிறு வேலை என்று பல வழிகள் உண்டு. மொழிபெயர்ப்பாளர் ஆக நினைப்பவர் பத்துப் பக்க ஒப்பந்தம் ஒன்றை எடுத்து மொழிபெயர்க்கட்டும். மூன்றாம் பக்கத்தில் அவருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். செலவில் சிறியதிலிருந்து பெரியதுக்குப் போவதே முறை: படிப்பது, பேசுவது, ஒரு நாள் பார்ப்பது, ஒரு வாரம் செய்வது, பிறகுதான் பணம் கட்டிப் படிப்பது. இதைத் தலைகீழாகச் செய்து, இரண்டாண்டுப் படிப்புக்குப் பணம் கட்டிய பிறகு அந்த வேலையின் ஒரு நாளைப் பார்ப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சேர்க்கைக் கடைசித் தேதி என்று அவசரப்படுத்தும் எந்த நிறுவனத்திடமும், "உங்களிடம் படித்து இந்த வேலையில் இருக்கும் ஒருவரோடு பேச ஏற்பாடு செய்யுங்கள்" என்று கேளுங்கள். தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

வீட்டில் உள்ளவர்களின் கருத்தையும் இதே குறிப்பேட்டில் ஒரு தகவலாகச் சேருங்கள். அவர்களின் கவலை பெரும்பாலும் வருமானத்தையும் பாதுகாப்பையும் பற்றியது, அது நியாயமானதும்கூட. நடுமதிப்புச் சம்பளம், ஆண்டுக் காலியிடங்கள், நீங்கள் பேசிய மூவர் சொன்னவை எல்லாம் கையில் இருந்தால் அந்த உரையாடலின் தொனியே மாறிவிடும்.

எப்போது நிறுத்துவது என்று கேட்பீர்கள். புதிதாகப் படிப்பதும் பேசுவதும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பச் சொல்லத் தொடங்கினால் ஆராய்ச்சி போதும். வாழ்நாள் முழுமைக்குமான விடையை இப்போதே தேட வேண்டியதில்லை. ஜான் கிரம்போல்ட்ஸ் உள்ளிட்ட வழிகாட்டுதல் அறிஞர்கள் 1999இல் முன்வைத்த கருத்து எனக்கு மிகவும் ஏற்புடையது: தற்செயல்கள் எல்லோருடைய தொழில் வாழ்க்கையிலும் வரும், அவற்றைச் சந்திக்கவும் பயன்படுத்தவும் திறந்த மனத்தோடு தயாராக இருப்பதும் ஒரு திறன்தான். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்கு எதில் இறங்குவது என்பதுதான் இப்போதைய கேள்வி. கடைசியில் இரண்டு தொழில்கள் சமமாக நின்றால், ஒவ்வொன்றிலும் கற்கும் திறன்களில் எத்தனை மற்றதற்கும் பயன்படும் என்று எழுதிப் பாருங்கள். எதிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்பி வருவது எளிதோ, அதிலிருந்து தொடங்குங்கள். உரிமத் தேர்வோ வயது வரம்போ உள்ள தொழில் ஒன்று அவற்றில் இருந்தால் மட்டும் கணக்கு மாறும், அந்தக் கடைசித் தேதியை முதலில் பாருங்கள்.